ஒன்றாம் எண் குப்பி

ஜனவரி 11

அண்ணாவுக்குத் தங்கை வணங்கி எழுதுவது.

இந்தக் குளிரில் உங்கள் முழங்கால் வலி கூடியிருக்குமே என்பதுதான் என் முதல் கவலை. இங்கே நான் சுகம். சென்ற கடிதத்தை வழக்கம்போல் "வீட்டில் எல்லாரும் நலம்" என்று முடித்திருந்தீர்கள். அந்த வீட்டில் இருப்பவர் நீங்கள் ஒருவர். சுவர்க்கடிகாரத்தையும் ஆளாகச் சேர்த்துவிட்டீர்களோ என்று நினைத்துச் சிரித்துக்கொண்டேன்.

இந்த டிசம்பரோடு எனக்கு ஓய்வு. முப்பத்திரண்டு ஆண்டுகளாக ஒரே செல் வளர்ப்புக்கூடம், ஒரே முக்காலி. ஓய்வுக்கு முன் உங்களிடம் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்.

உங்கள் மகனுக்கு, நம் செல்ல அரைக்கிலோவுக்கு, ஆறு வயதானபோது இங்கே அழைத்து வந்தீர்கள். நோயை உறுதிப்படுத்த அவன் முழங்கைக்கு உள்புறம் கடுகளவு தோல் எடுத்தார்கள். உங்கள் எடைக்கற்களில் ஒன்றைக் கையில் கொடுத்தால்தான் நீட்டுவேன் என்று அடம்பிடித்து, அந்த ஐம்பது கிராம் பித்தளைக் கல்லை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தான். பெற்றோர் இருவரும் ஆராய்ச்சிக்குச் சம்மதித்துக் கையெழுத்திட்டீர்கள். அதோடு மறந்தும் போனீர்கள்.

அண்ணா, அந்தத் தோலிலிருந்து வளர்ந்த செல்கள் இன்றும் உயிரோடு இருக்கின்றன. செல்கள் சில பத்து முறை பிரிந்தபின் களைத்துவிடும். அதனால் இளமையாக இருந்தபோதே சிறு சிறு குப்பிகளில் உறைய வைத்தோம். தேவைப்படும்போது ஒன்றை எடுத்து வெதுவெதுப்பான நீரில் பிடித்தால் அரை நாளில் குடுவையின் அடியில் கால் பரப்பி ஒட்டிக்கொள்ளும். அவனுடைய குப்பிகளின் எண் எழுபத்துமூன்று. பெயர் எழுத விதியில்லை. எனக்கு மட்டும் தெரியும்.

ஒவ்வொரு செல்லுக்குள்ளும் கழிவைக் கரைக்கும் நுண்ணிய பைகள் உண்டு, லைசோசோம் என்பார்கள். கரைக்கும் நொதிகளில் ஒன்று அவனுக்குப் பிறவியிலேயே சரியாக அமையவில்லை. கரையாதது சேர்ந்தது. சேரச் சேர, கற்றிருந்த சொற்கள் அவனைவிட்டு ஒவ்வொன்றாகப் போயின. ஒன்பதாம் வயதில் அவனும் போனான். அவனுடைய செல்களின்மேல்தான் ஒரு புதிய மருந்தை ஆறு ஆண்டுகளாகச் சோதித்தோம். இப்போது அதை நான்கு குழந்தைகளுக்குக் கொடுக்கிறார்கள். அவர்களில் ஒருத்தி எப்போதும் மஞ்சள் தொப்பியோடு வருவாள். தாழ்வாரத்தில் என்னைக் கண்டால் நாக்கை நீட்டுவாள்.

இத்தனை நாள் சொல்லாததற்கு மன்னியுங்கள். அண்ணியிடமிருந்து ஏதும் செய்தி உண்டா?

அன்புத் தங்கை.

*

பிப்ரவரி 2

அன்புத் தங்கைக்கு இறைவன் துணை நிற்க.

உன் கடிதம் வந்த அன்று காலை வழிபாட்டுக் கூடத்தில் பாட்டுக்குப் பொருள் சொல்லும் முறை என்னுடையது. ஏறி அமர்ந்தேன். நாற்பதாண்டாக மனப்பாடமான பாட்டில் இரண்டாம் அடி வரவில்லை. பெரியவருக்குத் தொண்டை கட்டியிருக்கிறது என்று யாரோ சுக்குத் தண்ணீர் கொடுத்தார்கள்.

உடலை மண்ணுக்கும் உயிரை இறைவன் திருவடிக்கும் கொடுத்துவிட்டோம், நம்மிடம் ஒன்றும் மீதமில்லை என்பதே இத்தனை ஆண்டுகளாக என் ஆறுதல். மீதம் இருக்கிறது என்கிறாய். உயிர் பிரிந்தபின் எஞ்சும் உடற்கூறு எது, அதற்கு உரிமை யாருக்கு என்று மறைநூல்களைப் புரட்டினேன். பதில் சொல்லக்கூடிய ஓரிடமும் அகப்படவில்லை. ஆகவே உன்னையே கேட்கிறேன். குடுவைக்குள் இருப்பது அவனா?

சினம் இல்லை. அந்த மஞ்சள் தொப்பிக் குழந்தைக்காக நாள்தோறும் ஒரு பதிகம் சொல்கிறேன்.

முழங்கால் பழையபடியே. மாடிக்கு ஏறுவதை நிறுத்திவிட்டேன்.

வீட்டில் எல்லாரும் நலம்.

அண்ணன்.

*

மார்ச் 15

அண்ணாவுக்கு வணக்கம். மாடி ஏறாமல் இருப்பதே நல்லது. மருத்துவர் சொன்ன பயிற்சியை மட்டும் விடாதீர்கள்.

கேட்டதற்குப் பதில்: அது அவனல்ல, அவனுடையது. இதற்கு மேல் எனக்கும் தெரியாது.

இங்கே ஒரு குழப்பம். ஒரு செல்லில் நொதி எவ்வளவு வேலை செய்கிறது என்று சொல்ல, நோயற்ற ஒருவரின் செல்லை நூறு என்று வைத்துக்கொண்டு அதோடு ஒப்பிடுவோம். எங்கள் கூடத்தில் அந்த நூறு, ஒப்பீட்டுக்கென்றே ஒதுக்கிவைத்த ஒன்றாம் எண் குப்பி. அது யாருடையது தெரியுமா? என்னுடையது.

அரைக்கிலோவின் தோலை எடுத்த அதே வாரம். கூடத்தில் நொதி ஆய்வு தொடங்கிய புதிது. பத்து முக்காலிக்கு ஒரே நுண்ணோக்கி. "ஒப்பிட நல்ல செல் ஒண்ணு வேணுமே, யாருகிட்ட எடுக்கிறது?" என்றார் அன்றைய தலைவர். நான் சட்டைக்கையை மடித்து நீட்டினேன். "எங்க குடும்பத்துல ஒரு குறையும் கிடையாது சார். என் கையிலேர்ந்தே எடுத்துக்குங்க." என் முழங்கைத் தழும்பு அதுதான். பின்னால் வேறு செல்கள் வாங்கியிருக்கலாம். ஒன்றாம் எண்ணே பழகிவிட்டது, யாரும் கேட்கவில்லை.

இப்போது வேறொரு மருத்துவமனையிலிருந்து ஓர் ஆய்வாளர் வந்திருக்கிறார். எதைச் சொன்னாலும் "மறுபடி பார்க்கலாமா?" என்பதால் அவருக்கு மறுபடியம்மா என்று பெயர். வரும்போதே நோயற்ற மூவரின் செல்களைப் பெட்டியில் கொண்டுவந்தார். எங்கள் அளவுப்படி அவை மூன்றும் இருநூறு காட்டுகின்றன.

"அக்கா, என்னோட மூணும் அதிசயப் பிறவியா இருக்கணும். இல்லேன்னா உங்க நூறு, நூறு இல்ல" என்றார்.

"கருவி பழசும்மா" என்றேன்.

"அப்போ மறுபடி பார்க்கலாமா?"

கருவியை மாற்றியும் பார்த்துவிட்டோம். நீங்கள் முப்பத்தைந்து ஆண்டு எடை ஆய்வாளராக இருந்தவர். கடைக்காரரின் கல்லைச் சரிபார்க்க நீங்கள் ஒரு கல் கொண்டுபோவீர்களே, அந்தக் கல்லை யார் சரிபார்ப்பார்கள்?

அண்ணிக்கு ஒரு வரி எழுதினீர்களா?

தங்கை.

*

மார்ச் 30

தங்கைக்கு எல்லா நலமும் பெருகுக.

நெடுநாளைக்குப் பின் என் தொழிலைப்பற்றி ஒருவர் கேட்டிருக்கிறார். மூல எடைக்கல்லை ஆண்டுக்கொருமுறை தலைமை அலுவலகத்துக்கு அனுப்புவோம். கண்ணாடிக் கூண்டுக்குள் ஒரு தராசு. மூச்சுக்காற்று பட்டாலே முள் அசையும். அங்கே என் கல்லை அதைவிட மேலான ஒரு கல்லோடு ஒப்பிடுவார்கள். அந்த மேலான கல்லுக்கும் மேல் ஒன்று உண்டு. எல்லாவற்றுக்கும் மேலே இறைவன் என்று நான் சொல்லுவேன், மேலாளர் சிரிப்பார்.

ஒருமுறை ஒரு தானியக் கடையில் கற்கள் எல்லாமே கூடுதலாக நின்றன. எடை குறைத்து விற்பவர்களைப் பார்த்திருக்கிறேன்; கூட்டிக் கொடுக்கும் கள்ளன் ஏது? ஆயினும் விதி விதிதானே. தராசைக் கைப்பற்றி, கடைக்குப் பூட்டுப் போட்டேன். "ஐயா, உங்க கல்லை ஒரு தடவ பாத்துடுங்களேன்" என்று அந்த மனிதர் கைகூப்பினார். அரசாங்கக் கல்லையா சந்தேகிக்கிறாய் என்று அதட்டினேன். அடுத்த மாதம் என் கல் தலைமை அலுவலகத்திலிருந்து திரும்பியது. அடிப்புறத் திருகு தேய்ந்து எடை குறைந்துவிட்டது என்ற சீட்டோடு.

தேடிப் போனேன். அதற்குள் அவர் கடையை ஒழித்துக்கொண்டு ஊர் மாறிவிட்டார். முகவரி யாருக்கும் தெரியவில்லை.

ஆகவே உன் கூடத்தில் கருவியைக் குறை சொல்லாதீர்கள். கல்லைப் பாருங்கள்.

மழை இல்லை. முருங்கை காய்த்திருக்கிறது. வீட்டில் எல்லாரும் நலம்.

அண்ணன்.

*

மே 8

மதிப்பிற்குரிய அண்ணாவுக்கு.

உடம்பைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள் என்று நம்புகிறேன். இந்தக் கடிதத்தை உட்கார்ந்து படியுங்கள்.

கல்லைப் பார்த்தோம். தேய்ந்த கல் நான்தான்.

என் செல்லில் நொதி பாதிதான் வேலை செய்கிறது. பாதியே உடம்புக்குப் போதும் என்பதால் எனக்கு நோய் வரவில்லை, வராது. ஆனால் அந்தப் பழுதை நான் சுமக்கிறேன். இப்போது மரபணுவை எழுத்தெழுத்தாகப் படிக்க வசதி இருக்கிறது. அரைக்கிலோவின் செல்களைப் படித்தோம். அவனிடம் இரண்டு பழுதுகள் இருந்தன. ஒன்று, அண்ணி அன்று கொடுத்துவைத்த இரத்தத்தில் இருப்பது. மற்றொன்று ஒன்றாம் எண் குப்பியில் இருப்பது. என் கையில் இருப்பதும் அவனிடம் இருந்ததும் ஒன்றேதான். நம் பெற்றோரில் ஒருவரிடமிருந்து அது நம் இருவருக்கும் வந்திருக்கிறது. உங்கள் வழியாக அவனுக்கு.

அந்த நாள் உங்களுக்கு நினைவிருக்கும். குழந்தைகள் மருத்துவர், "அம்மா அப்பா ரெண்டு பேர்கிட்டேர்ந்தும் வந்தாத்தான் இந்த நோய் வரும்" என்றார். அண்ணி உடனே கையை நீட்டி இரத்தம் கொடுத்தார். நீங்கள் எழுந்து நின்றீர்கள். "எங்க வம்சத்துல இப்படி ஒருத்தரும் இல்ல. எனக்குச் சோதனை வேண்டாம்." அண்ணியின் முடிவு மட்டும் தாளில் வந்தது. அந்தத் தாளை அம்மா வீடு முழுக்கக் காட்டினார்கள். பிள்ளையைப் பறிகொடுத்த மறு ஆண்டு அண்ணி பெட்டியோடு புறப்பட்டபோது, "அவ கொண்டுவந்தது அவளோட போகுது" என்று வீட்டு நடுக்கூடத்தில் நின்று யார் சொன்னது என்று நான் எழுதவில்லை.

உங்களை மட்டும் குற்றம் சொல்லவில்லை. எனக்கு இந்தப் படிப்பு தெரியும். மருத்துவர் சொன்னது சரி என்று தெரியும். அன்று வாய் திறக்கவில்லை. அதே வாரம், குறை இல்லாத குடும்பம் என்று கையை நீட்டினேன். அந்தப் பெருமையை இருபத்தோரு ஆண்டுகளாகக் குடுவையில் போட்டு வளர்த்தேன்.

அதனால் வந்த கேடு சிறியதல்ல. மருந்து, செல்லில் நொதியை முப்பது அளவுக்கு உயர்த்துகிறது என்று கணக்கிட்டிருந்தோம். உண்மையில் பதினைந்துதான். மஞ்சள் தொப்பிக்காரிக்குக் கொடுக்கும் அளவு போதாது. இதை இயக்குநர் அம்மையாரிடம் நானே போய்ச் சொன்னேன். எழுந்து கதவைச் சாத்தினார். பிறகு, "எழுத்துல கொடுங்க" என்றார். கொடுத்தேன். வெளியிட்ட முடிவுகளுக்கெல்லாம் திருத்தம் போகிறது. குழந்தைகளின் அளவை மருத்துவக் குழு மறுபடி பார்க்கிறது.

என் பங்கை நான் சொல்லிவிட்டேன். அண்ணியிடம் சொல்ல வேண்டியது உங்களுடையது. நான் சொல்லமாட்டேன்.

தங்கை.

*

ஜூலை 2

அண்ணாவுக்கு வணக்கம்.

இரண்டு மாதமாகக் கடிதம் இல்லை. பக்கத்து வீட்டு ஆசிரியரைத் தொலைபேசியில் கேட்டேன். "நல்லாத்தான் இருக்கார்மா. வழிபாட்டுக் கூடத்துக்கு மட்டும் வர்றதில்ல. பொருள் சொல்ற முறையை எங்கிட்டத் தள்ளிவிட்டுட்டார்" என்றார்.

மருந்தின் அளவைக் கூட்டிவிட்டார்கள். மஞ்சள் தொப்பிக்காரிக்கு மீதமிருந்த பதினொரு சொற்களும் அப்படியே இருக்கின்றன என்று அவள் அம்மா விரல்விட்டு எண்ணிச் சொன்னாள். புதிதாக ஒன்றும் வரவில்லை. இருப்பது போகாமலிருப்பதே பெரிது என்கிறார் மருத்துவர்.

இன்னொன்று. அண்ணி இதே ஊரில் தன் அக்கா வீட்டில் இருப்பது உங்களுக்குத் தெரியும். அக்காவின் மகன் கடல் கடந்து வேலை பார்க்கிறான். செப்டம்பர் முடிவில் இருவரையும் தன்னோடு அழைத்துக்கொள்கிறான். வீட்டையும் ஒழித்துக் கொடுக்கிறார்கள். திரும்பி வரும் எண்ணம் இல்லை.

கடைத்தெருவில் பார்த்தேன். நூல்கயிறு வாங்கிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும், "என்னடி, இன்னும் அந்தக் குடுவைகளுக்குச் சோறூட்டிட்டு இருக்கியா?" என்று சிரித்தார். சொல்லமாட்டேன் என்று உங்களுக்கு எழுதிவிட்டேனே என்று வாயை மூடிக்கொண்டு வந்தேன்.

தங்கை.

*

ஜூலை 20

அன்புத் தங்கைக்கு இறையருள் நிறைக.

உன் கடிதங்கள் இரண்டும் கிடைத்தன. முன்பே எழுதாதது என் பிழை. மழை தொடங்கிவிட்டது. நடு அறையில் கூரை ஒழுகுகிறது. கொத்தனார் வந்து பார்த்து, ஒழுகும் இடம் ஒன்று, விரிசல் இருக்கும் இடம் வேறு என்று சொல்லிப் போனார். வாளி வைத்திருக்கிறேன்.

பிறவிக்குறை எதனால் நேர்கிறது என்று மறைநூலில் ஓரிடம் உண்டு. அதற்குப் பெரியோர் ஏழு விதமாகப் பொருள் உரைக்கின்றனர். முதல் உரைகாரர் அதை முன்வினை என்கிறார். மூன்றாமவர் அருளின் சோதனை என்கிறார். ஐந்தாமவரின் கருத்து நுட்பமானது. நேரில் வரும்போது விரித்துச் சொல்கிறேன். ஏழையும் ஒப்புநோக்கிக் குறிப்பெடுத்து வருகிறேன். அறுபது பக்கம் ஆயிற்று.

அவனுடைய எடைக்கல் பெட்டியைத் துடைத்து வைத்தேன். அரைக்கிலோக் கல்லில் இன்னும் பல் தடம் இருக்கிறது.

முழங்கால் சற்றுக் கூடுதல் வலி. நெடும்பயணம் கூடாது என்று மருத்துவர் சொல்கிறார்.

வீட்டில் எல்லாரும் நலம்.

அண்ணன்.

*

ஆகஸ்ட் 1

அண்ணா,

முழங்காலுக்குத் தைலம் அனுப்பியிருக்கிறேன்.

ஏழு உரையும் எனக்கு வேண்டாம். தானியக் கடைக்காரரைத் தேடிப் போனபோது அவர் ஊர் மாறிவிட்டார், முகவரி தெரியவில்லை என்று எழுதினீர்கள். இந்த வீட்டுக்கு முகவரி இருக்கிறது. ரயில் நிலையத்திலிருந்து நாற்பத்தோராம் எண் பேருந்து. தையல் இயந்திரக் கடைக்கு எதிரே இறங்க வேண்டும். மூன்றாம் மாடி. நீலக்கதவு. மின்தூக்கி வேலை செய்யாது. செப்டம்பர் இருபத்தாறு வரை.

தங்கை.

*

செப்டம்பர் 18

அன்புத் தங்கைக்கு.

உன் வீட்டிலிருந்து திரும்பி நான்கு நாளாயிற்று. வீக்கம் வடிந்துவிட்டது, தைலம் நல்ல தைலம். நீ இரண்டு நாள் உபசரித்தாய், ஒன்றும் கேட்கவில்லை. உன் எதிரே அமர்ந்து சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எழுத்தில் கொடுக்கிறேன்.

மூன்று மாடிக்கு அறுபத்தாறு படிகள். ஒவ்வொரு திருப்பத்திலும் நின்றேன். ஏறும்போது சொல்ல வேண்டியதை மூன்று விதமாகத் தொடுத்துவைத்திருந்தேன். ஒன்றில் மேற்கோளும் இருந்தது. கதவு திறந்தது. அவள் தலை முழுக்க நரைத்திருந்தது. இடுப்பில் கயிற்றுக் கண்டு. என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"யாரு செத்துட்டாங்க?" என்றாள்.

"யாரும் இல்ல."

"அப்போ உக்காருங்க. மூச்சு வாங்குது உங்களுக்கு."

அறை முழுக்க அட்டைப்பெட்டிகள். அமர ஒரு பெட்டியைத்தான் காட்டினாள். அவள் அக்கா அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். தொடுத்துவைத்த மூன்றும் மறந்துபோயின.

"எங்கிட்டேர்ந்தும்தான் வந்தது" என்றேன்.

"என்ன?"

"அவனுக்கு வந்த நோவு. பாதி உன்னுது, பாதி என்னுது. தங்கச்சி கண்டுபிடிச்சிருக்கா. என் ரத்தத்துல இருக்கு."

அவள் பெட்டிக்குக் கயிறு சுற்றிக்கொண்டிருந்தாள், நிறுத்தவில்லை.

"முடிச்சுப் போடணும். இங்க விரலை வைங்க."

வைத்தேன். என் விரலின்மேல் முடிச்சை இறுக்கினாள்.

"இது கண்டுபிடிப்பா? அந்த டாக்டர் அன்னைக்கே சொன்னாரு. நான் கேட்டேன். நீங்களும் பக்கத்து நாற்காலியிலதான் உக்காந்திருந்தீங்க."

"உனக்குத் தெரியுமா?"

"தெரியாம? எனக்கு ஒண்ணும் புதுசா யாரும் நிரூபிக்க வேணாம். நீங்க ஒரு தடவ வாயால சொல்லணும்னு இருந்தேன். அம்மாகிட்ட இல்லேன்னாலும் எங்கிட்ட. சொல்லியிருந்தா போதும், அந்த வீட்டுலயே கிடந்திருப்பேன்." விரலை விடுவித்தாள். "மூணு மாடி ஏற இருபத்தோரு வருஷம் ஆச்சு உங்களுக்கு."

தங்காய், பிரிவைப் பாடும் பழம்பாட்டுகளுக்கு நான் எத்தனையோ முறை பொருள் சொல்லியிருக்கிறேன். பிரிந்து போனவள் அவள் என்றே அப்போதெல்லாம் உள்ளுக்குள் எண்ணிக்கொள்வேன். வீட்டைவிட்டு ஓரடி வைக்காமலே பிரிந்து போனவன் நான் என்பது அந்த அட்டைப்பெட்டியின்மேல் அமர்ந்திருந்தபோது விளங்கிற்று. அவள் காலைத் தொடக் குனிந்தேன். முழங்கால் மடங்கவில்லை. "வேணாம், அப்புறம் உங்களைத் தூக்க ஆள் தேடணும்" என்றாள்.

அவனுடைய செல்கள் உயிரோடு இருப்பது அவளுக்குத் தெரியாது என்பது அப்போதுதான் எனக்குத் தோன்றியது. சொன்னேன். முதன்முறையாகக் கையிலிருந்த கயிறு கீழே விழுந்தது. எத்தனை மணிக்கு உன் கூடம் திறக்கும் என்று கேட்டாள். மறுநாள் நடந்தது நீ அறிந்ததே. நுண்ணோக்கியில் அவள் பார்த்துக்கொண்டிருந்த இருபது நிமிடமும் நான் சுவரில் இருந்த தீயணைப்பு விதிகளைப் படித்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் நீ அவள் கையிலும், அடுத்து என் கையிலும் தோல் எடுத்தாய். உனக்கு அது ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய ஒரு துணுக்கு. எனக்கு, இருபத்தோரு ஆண்டுகளுக்கு முன் நீட்டியிருக்க வேண்டிய கை. ஊசி குத்தியபோது அவள் தன் பையிலிருந்து எதையோ எடுத்து என் மற்றக் கையில் வைத்தாளே, பார்த்தாயா? ஐம்பது கிராம் கல். அந்தப் பெட்டியில் அது ஒன்று மட்டும் எங்கே போயிற்று என்று பதினேழு ஆண்டுகளாகத் தேடிக்கொண்டிருந்தேன்.

திரும்பி வரச் சொல்லி நான் கேட்கவில்லை. கேட்கும் இடத்தில் நான் இல்லை.

அண்ணன்.

*

நவம்பர் 9

அன்புள்ள நாத்தனாருக்கு,

இங்கே வந்து சேர்ந்து ஆறு வாரம் ஆகிறது. குளிர் பழகிவிட்டது, அக்காவுக்கு இருமல் மட்டும் நிற்கவில்லை. உனக்கு ஓய்வு நெருங்குகிறது. முதுகுவலியை இனியாவது கவனி.

நீ அனுப்பிய விவரம் கிடைத்தது. உன் ஒன்றாம் எண்ணுக்கு ஓய்வு கொடுத்துவிட்டு, மறுபடியம்மா கொண்டுவந்த செல்களை ஒப்பீட்டுக்கு வைத்துக்கொண்டீர்கள் என்பது சரியே. மஞ்சள் தொப்பிக்காரி பன்னிரண்டாவதாக ஒரு சொல் சொன்னாள் என்பதை அக்காவிடமும் படித்துக் காட்டினேன். என்ன சொல் என்று நீ எழுதவில்லை. கேட்டு எழுது.

அவன் குப்பியின்மேல் பெயர் எழுதக் கூடாது என்றாய். எழுத வேண்டாம். அவனோடு அதே அடுக்கில் இப்போது அப்பாவுடையதும் அம்மாவுடையதும் இருக்கின்றன என்றாயே, அது போதும். பூமியில் நாங்கள் மூவரும் ஒன்றாக இருக்கும் இடம் அது ஒன்றுதான். நான் அந்த வீட்டுக்குத் திரும்பப் போவதில்லை. இதை உன் அண்ணனுக்கு நீ சொல்ல வேண்டாம், அவருக்குத் தெரியும்.

சென்ற வாரம் அவரிடமிருந்து எனக்குக் கடிதம் வந்தது. நான்கே வரி. மேற்கோள் ஒன்றும் இல்லை. "உன் உடம்பு எப்படி இருக்கிறது?" என்று தொடங்கியிருந்தார். மகனோடு மருத்துவரைப் பார்த்த நாளுக்குப் பிறகு அவர் என்னிடம் இப்படிக் கேட்பது இதுதான் முதல் தடவை. வழக்கமாக உனக்கு எழுதுவதாக நீ சொன்னாயே, அதுபோல "வீட்டில் எல்லாரும் நலம்" என்று முடிக்கவில்லை. "இங்கே நான் ஒருவன். நலம்" என்று முடித்திருந்தார்.

பதில் எழுதத் தாள் வாங்கி வைத்திருக்கிறேன். அவசரமில்லை. மூன்று மாடி ஏற அவருக்கு இருபத்தோரு ஆண்டு ஆயிற்று. ஒரு தாளை நிரப்ப எனக்கு ஒரு மாதமாவது ஆகட்டும்.

உன் அண்ணி.